சூரனைக் கூடவே வைத்துக்கொண்டவன்



கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருப்போம். சூரசம்ஹாரத்தன்று கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளும். சூரனின் தலை மாறி மாறி வரும், கடைசியில் மாமரம், வேல் பாயும். "அரோகரா" என்று கத்திவிட்டு வீட்டுக்குப் போவோம். சின்ன வயசிலிருந்து நானும் அப்படித்தான். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் அதற்கு முன்னால் ஒரு கட்டம் வைத்திருக்கிறார். அது என் மண்டையில் ஏறியது போன வருடம்தான். ஏற்றிவிட்டவன் படிவம் மூன்று படிக்கும் ஒரு பையன்.

நம் இயக்கத்தின் சார்பில் ஓர் இடைநிலைப்பள்ளியில் நன்னெறி முகாம் நடத்தினோம். கட்டொழுங்குப் பிரச்சினை உள்ள மாணவர்கள் 22 பேர். பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை புள்ளி கழிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. முகாம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் விளையாட்டு, மதியம் உரை, கடைசி நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அம்மாவின் தியாகம் பற்றிப் பேச்சு, பிறகு பாத பூஜை. இந்தப் பையன் எல்லாரையும் விட அதிகமாக அழுதான். அம்மாவின் காலைப் பிடித்தவன் விடவே இல்லை. படம் எடுத்துப் புலனத்தில் போட்டோம். "வெற்றி" என்று எழுதியது நான்தான்.

மூன்றாம் நாள் அவன் வகுப்பில் ஒருத்தன் மூக்கை உடைத்தான். 14 நாள் இடைநீக்கம். அது முடிந்து இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் பள்ளியை விட்டே நீக்கம்.

எனக்குக் கோபம்தான் வந்தது. "அன்னிக்கு நடிச்சிருக்கான்டா" என்று நண்பனிடம் சொன்னேன்.

அந்த வாரம் சமய வகுப்பில் ஐயா எடுத்த பகுதி இது. போர்க்களத்தில் முருகப்பெருமான் சூரனுக்குத் தம் பேருருவைக் காட்டுகிறார். பாலன் என்று இகழ்ந்தவன் மெய்மறந்து நிற்கிறான். கால்கள் வலம் வரவேண்டும், தலை வணங்கவேண்டும் என்று ஏங்குகிறான். அந்த நேரத்தில் சூரன் நடிக்கவில்லை, கவனியுங்கள். ஆனால் காட்சி மறைந்ததும் பழைய ஆணவம் வந்துவிடுகிறது, மறுபடி சண்டை. செம்பில் களிம்பு மாதிரி உயிரோடு ஒட்டிக்கொண்டிருப்பது ஆணவம் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. சாட்சாத் முருகனின் தரிசனத்திலேயே அது ஒரேயடியாகப் போய்விடவில்லை. நாங்களோ இரண்டு நாள் முகாமில் போக்கிவிட்டோம் என்று புலனத்தில் போட்டிருந்தோம்!

இடைநீக்கம் முடிந்ததும் அவனைப் பார்க்கப் போனேன். அந்தப் பள்ளியின் ஆலோசக ஆசிரியை அனுமதி வாங்கித் தந்தார். 1996இல் இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர ஆலோசகர்கள் வந்தபோது 500 மாணவருக்கு ஒருவர் என்பதுதான் கணக்கு. ஓர் ஆள் எத்தனை பிள்ளையிடம்தான் உட்கார்ந்து பேச முடியும்?

"ஏன்டா தம்பி அடிச்ச?" என்றேன்.

"நான் அழுத போட்டோவ வகுப்புல காட்டி சிரிச்சான், அண்ணே."

நாங்கள் போட்ட படம். சூரனுக்கு ஆணவம் தானாகத் திரும்பியது. இவனுக்கு நாங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

மன்னிப்புக் கேட்டேன். பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் சூரன் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "முருகன் சூரனை கூடவே வச்சிக்கிட்டாரு. என்னை வெளிய அனுப்பப் போறாங்க."

நம் சமயத்தில் அறக்கருணை, மறக்கருணை என்று இரண்டு உண்டு. மறக்கருணை என்றதும் நம்ம ஆளுங்க உடனே ரோத்தானை நினைப்பார்கள். 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளில் ஆண் பிள்ளைகளுக்கு ரோத்தான் உண்டு. இந்தப் பையன் இரண்டு தடவை வாங்கியிருக்கிறான். தண்டனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மூக்கு உடைந்தவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதான். ஆனால் வேல் பாய்ந்த பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். பிளந்த ஒரு பாதி மயில், இன்னொரு பாதி சேவல். ஒன்றின் மேல் ஏறி உட்கார்ந்தார், மற்றதைக் கொடியில் வைத்தார். தண்டித்தவரே பக்கத்தில் இடமும் வேலையும் கொடுத்தார். இங்கே பிரேக்கர் விழுந்தால் எங்கே ஷார்ட் என்று தேடாமல் மெயினையே நிறுத்திவிடுகிற கதையாக இருக்கிறது. (பொறியியல் படிக்கிறவன் புத்தி, மன்னிக்கவும்.)

ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். அவர் சமயமெல்லாம் பேசவில்லை. பள்ளி மண்டபத்தின் ஒலிபெருக்கிச் சாவியை அவனிடம் கொடுத்தார். காலைச் சபைக்கு முன்னால் வந்து வயர் இழுத்து, மைக் சரிபார்ப்பது அவன் பொறுப்பு. முதல் வாரம் இரண்டு நாள் தாமதமாக வந்தான். சாவியைத் திருப்பி வாங்கவில்லை.

இப்போது நான்கு மாதம். ஒருமுறை ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசிப் புள்ளி குறைந்தது. கைகலப்பு இல்லை. முகாம் படங்களை எல்லாக் குழுக்களிலிருந்தும் அழித்துவிட்டோம். இனிமேல் படம் எடுப்பதில்லை என்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது, சில பேருக்கு வருத்தம்தான்.

பட்டியலில் இன்னும் 21 பேர் இருக்கிறார்கள். திங்கட்கிழமை மதியம் இரண்டரைக்கு நானும் இன்னொரு நண்பரும் போகிறோம், ஆளுக்கு இரண்டு பேரோடுதான் உட்கார முடிகிறது. அந்த நேரத்தில் விரிவுரை இல்லாதவர்கள் சொல்லுங்கள். உரை எதுவும் தயார் செய்ய வேண்டாம்.