பாறணைக்கு மறுநாள்

சைவ மக்களின் ஆண்டுக் காலம் விரதங்களினாலே நிறைந்தது. புரட்டாதி மாத வளர்பிறைத் தசமி தொடங்கி 21 நாள் கேதாரகௌரி விரதம். ஐப்பசி வளர்பிறைப் பிரதமை தொடங்கி 6 நாள் கந்தசஷ்டி. மார்கழியிலே 10 நாள் திருவெம்பாவை. இவற்றுக்கு மேலே சுக்கிரவாரம், சோமவாரம், சதுர்த்தி, பிரதோஷம் என்று மாதந்தோறும் வருவன பல. நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறிவிட்டால் 25 நாளும் மச்சம் காய்ச்சாத வீடுகள் யாழ்ப்பாணத்திலே ஏராளம். நாவையும் வயிற்றையும் அடக்கி ஆளும் பயிற்சி இவ்வளவு விரிவாக அமைந்த ஒரு சமூகத்திலே, கிளினிக்கிலே சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்க நிற்பவர்களின் வரிசை மட்டும் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கின்றது? அடியார்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

விரதம் என்றால் பட்டினி கிடத்தல் என்றே பலர் எண்ணியிருக்கின்றனர். நல்லைநகர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையிலே விரதத்துக்குக் கூறிய இலக்கணம் வேறு. மனமானது ஐம்பொறிகளின் வழியே ஓடாமல் நிற்பதே அங்கே நோக்கம். உணவை விடுதல் அதற்கு ஒரு துணை. முற்றாக விடமுடியாதவர் குறைத்துக் கொள்வதையும் அவர் விரதத்துக்குள்ளேயே அடக்கினார். மனம், வாக்கு, காயம் மூன்றினாலும் இறைவனை அன்போடு விசேஷமாக வழிபடுவதே முதன்மையானது. இந்த இலக்கணத்தை வைத்து இன்றைய விரத வீடுகளைப் பார்த்தால் சில இடங்களிலே சிரிப்பும் சில இடங்களிலே கவலையும் வரும்.

காலையிலே ஒன்றும் எடாமல் இருந்தவர் மத்தியானம் தலைவாழை இலையின் முன் இருக்கின்றார். சோறு, பருப்பு, நாலைந்து கறி, கத்தரிக்காய்ப் பொரியல், பொரித்த மிளகாய், அப்பளம், வடை, பாயாசம், இத்தனைக்கும் மேலே தயிர். சாதாரண நாளிலே இரண்டு வேளைக்கு உண்பதை அன்று ஒரு வேளையிலே உண்டு முடித்து, பின்னேரம் வரை பாயிலே சரிந்து கிடக்கின்றார். இதிலே அடங்கியது எந்தப் பொறி? இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. விரதம் பிடிப்பவர் ஐயா. அந்த இலைக்கு வேண்டிய அத்தனையையும் விடியற்காலை தொடங்கி அடுப்படியிலே நின்று சமைப்பவர் அம்மா. அவரும் அன்று விரதந்தான். எல்லோரும் உண்டு எழுந்த பின்னர், ஆறிய சோற்றோடு அவருடைய விரதச் சாப்பாடு முடிகின்றது. முருகப்பெருமானின் கணக்கிலே யாருடைய விரதம் பெரியது என்பதை ஊகிப்பது கடினமன்று.

மார்கழியிலே நடப்பது இன்னொரு விதம். அதிகாலையிலே சங்கும் சேமக்கலமும் ஒலிக்க, ஊர் இளைஞர் திருவெம்பாவை பாடிக்கொண்டு வீதி வலம் வருவர். மாணிக்கவாசக சுவாமிகள் அருளிய அந்த 20 பாட்டுள் முதலிலே வருவன உறங்குகின்றவரை எழுப்பும் பாட்டுக்களே. அந்தப் பத்து நாளும் ஊர் நாலு மணிக்கு விழிக்கும். கிணற்றடியிலே வாளிச் சத்தம் கேட்கும். சிறுவர்கள்கூடக் குளித்து நீறணிந்து கோயிலுக்கு ஓடுவர். ஆருத்திரா தரிசனம் முடிந்த மறுநாள் காலை? ஏழு மணிக்கும் படலை திறபடாத வீடுகளைக் காணலாம். பத்து நாள் எழும்பிய கண்ணுக்குப் பதினோராம் நாள் எழும்ப முடியாமற் போனது ஏன்?

குற்றம் முழுவதையும் மனிதரின் சோம்பலின்மேற் சுமத்துவது சரியன்று. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு விடை தருகின்றது. 96 பேரிடம் உணவிலோ, பானத்திலோ, உடற்பயிற்சியிலோ புதிய பழக்கம் ஒன்றைத் தாமே தெரிந்து, 84 நாள் நாள்தோறும் செய்யும்படி கேட்டனர். அது நினையாமலே நிகழும் பழக்கமாகப் படிவதற்கு எடுத்த காலம் நடுத்தரமாக 66 நாள். ஆளுக்கு ஆள் இது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டனர். ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற எளியவை விரைவிலே படிந்தன. உடற்பயிற்சி அதனிலும் நீண்ட காலத்தைக் கேட்டது. ஆகவே ஆறு நாளும் பத்து நாளும் தொடக்கமே அன்றி முடிவல்ல. 25 நாள் மச்சம் விட்டவர் பாதி வழியிலேயே திரும்பி விடுகின்றார். கும்பாபிஷேகத்தின் பின் 48 நாள் மண்டலாபிஷேகம் செய்யும் மரபினர், தம் உடம்பாகிய கோயிலுக்கு மட்டும் ஆறாம் நாளிலேயே நடையைச் சாத்திவிடுவது பொருந்துமா?

இந்த இடத்திலே சாக்கிய நாயனாரை நினைத்தல் தகும். சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திலே போற்றும் அறுபத்துமூவருள் இவரது வழிபாடு விசித்திரமானது. திருச்சங்கமங்கையிலே பிறந்து, காஞ்சிபுரஞ் சென்று சாக்கியராகிய பௌத்தருடைய சமயத்தைச் சார்ந்து, பின்னர் சிவநெறியே மெய்ந்நெறி என்று தெளிந்தவர். ஆயினும் சாக்கிய வேடத்தை அவர் நீக்கவில்லை. ஒருநாள் வெளியிலே இருந்த சிவலிங்கத்தைக் கண்டார். பேரானந்தம் மேலிட, செய்வது இன்னதென்று அறியாமல் அருகிலே கிடந்த கல்லொன்றை எடுத்து எறிந்தார். மறுநாளும் அவ்விடத்துக்கு வந்தவருக்கு முதல்நாள் எறிந்த நினைவு வந்தது. அதுவும் திருவருளே என்று கொண்டு, நாள்தோறும் உண்பதற்கு முன் ஒரு கல் எறிவதை நியமமாக்கினார்.

கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, அவர் எடுத்துக்கொண்ட அளவு. நாளுக்கு ஆயிரம் மலர் என்றில்லை, ஒரு கல். மழையிலும் முடியும், உடம்பு சரியில்லாத போதும் முடியும். மற்றது, அதை அவர் உணவோடு கட்டினார். பசி என்பது ஒருவரும் அழைக்காமலே நாள்தோறும் வரும் விருந்தாளி. அந்த விருந்தாளி வரும்போதெல்லாம் கல்லும் நினைவுக்கு வரும். மேலே சொன்ன ஆய்விலும், காலை உணவுக்குப் பின் என்றோ இராச் சாப்பாட்டுக்கு முன் என்றோ, அன்றாடம் நடக்கும் ஒன்றோடு புதிய பழக்கத்தை இணைக்கும்படியே கேட்கப்பட்டது. நாயனார் இதை ஆய்வின்றியே அறிந்திருந்தார்.

அப்படிப்பட்டவரும் ஒருநாள் மறந்தார். உண்ண அமர்ந்த பின்னரே, எம்பெருமானுக்கு இன்று கல் எறியவில்லையே என்ற நினைவு வந்தது. விரதம் முறிந்துவிட்டதே, இனி அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவர் இருந்துவிடவில்லை. உணவை விட்டு எழுந்து பசியோடு ஓடி, ஒரு கல்லை எடுத்து எறிந்தார். இறைவன் இடபவாகனத்திலே காட்சி கொடுத்தது அன்றுதான் என்பது புராணம். தவறாமல் எறிந்த நாட்களிலே எழுந்தருளாத பெருமான், தவறி ஓடிவந்த நாளிலே எழுந்தருளினார். இடையிலே ஒருநாள் தவறினால் பழக்கம் கெட்டுப்போவதில்லை என்றே அந்த இலண்டன் ஆய்வும் கண்டது. நாகைக் கடற்கரையிலே, பிடிபடும் மீனிலே ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலிலே விட்ட அதிபத்த நாயனாருடைய நியமமும் இத்தகையதே. ஒரே மீன் அகப்பட்ட நாளிலும் அவர் பட்டினி கிடந்து அதை விட்டார். எத்தனை மீன் என்பதை அவர் கணக்குப் பார்க்கவில்லை.

இனி, கிராமத்து வீட்டுக்கு இதைக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒருவர் நாளுக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கின்றார், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொள்வோம். ஒரு தேக்கரண்டி ஏறக்குறைய 4 கிராம். நாளுக்கு 40 கிராம், வருடத்துக்கு 14 கிலோவுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம், இனிப்புப் பண்டம், மென்பானம் எல்லாவற்றிலும் சேர்க்கப்படும் சீனியையும் கூட்டி நாளுக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கின்றது. இவர் தேத்தண்ணியிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். கந்தசஷ்டி ஆறு நாளும் இவர் சீனி தொடுவதில்லை. ஏழாம் நாள் பாறணையிலே பாயாசத்தோடு தொடங்கி, மறுநாள் பழையபடி இரண்டு கரண்டி. அதற்குப் பதிலாக, பாறணைக்கு மறுநாள் தொடக்கம் ஒன்றரைக் கரண்டி என்று நிறுத்தி, தைப்பூசம் வரை அதிலே நின்றால்? நாக்கு அதற்குப் பழகிவிடும். பிறகு ஒரு கரண்டிக்கு இறங்குவது அவ்வளவு பாரமாக இராது. முருகன் பேரிலே ஆறு நாள் சீனியை விட்டவருக்கு, அதே முருகன் பேரிலே அரைக் கரண்டி விடுவது இயலாத காரியமல்ல.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கோயிலிலேயே காத்திருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. நெடுங்காலம் இந்நோய் இருந்தால் பாதங்களின் உணர்ச்சி குறையும். கொடும் வெயிலிலே சுடுமணலில் அடி அழிப்பவர், காவடி எடுப்பவர், தேர் வடம் பிடிப்பவர் எல்லோரும் வெறுங்காலினரே. உணர்ச்சியுள்ள கால் சுட்டதும் துள்ளும். உணர்ச்சி குறைந்த கால் கொப்புளித்த பின்னரும் நடக்கும். முள் ஏறியதும் தெரியாது. சின்னப் புண்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு பத்து நாள் இருந்துவிட்டு, காலின் ஒரு பகுதியை எடுக்கவேண்டிய நிலையிலே வைத்தியசாலைக்குப் போனவர்கள் இருக்கின்றார்கள். அடுத்த திருவிழாவுக்கு அவர்கள் மற்றவர் தோளைப் பிடித்துக்கொண்டே வீதி சுற்றுகின்றனர்.

இதைத் தடுக்கப் புதிதாக ஒன்றும் தேடவேண்டியதில்லை. மாலையிலே கால் முகம் கழுவி, நீறணிந்து, சுவாமி விளக்கு ஏற்றுவது சைவ வீட்டின் நித்திய வழக்கம். கழுவிய காலை ஈரம் போகத் துடைத்து, விரல் இடுக்கையும் உள்ளங்காலையும் வெளிச்சத்திலே ஒருமுறை பார்த்த பின்னரே நீறு தரிப்பது என்று வைத்துக்கொண்டால், அதுவே சாக்கியர் கல். இரண்டு நிமிடத்துக்கு மேலே ஆகாது. குனிய முடியாத பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம். தாத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிடப் பழகிய பிள்ளை, கும்பிடும்போது அந்தக் காலையும் பார்க்கட்டும். வெடிப்போ கொப்புளமோ கண்டால், பூசை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் மறுநாளே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

இன்சுலின் ஏற்றுவோரும் சீனிக்குக் குளிசை எடுப்போரும் ஆறு நாளும் பட்டினி கிடந்தால், இரத்தத்திலே சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழ நேரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். ஆண்டுதோறும் பிடித்து வந்த விரதத்தை விடக்கூடாது என்ற பிடிவாதம் பெரியவர்களிடம் உண்டு. அந்தப் பிடிவாதம் மதிக்கத்தக்கதே. ஆனால் சுருக்கி உண்பதும் விரதமென்று நாவலர் பெருமானே இடம் வைத்திருக்கும்போது, உயிரைப் பணயம் வைப்பதைச் சாத்திரம் கேட்கவில்லை. காப்புக் கட்டுவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே வைத்தியரிடம் போய், எந்த நேரம் எதை எடுக்கலாம், மருந்தின் அளவை மாற்றவேண்டுமா என்று கேட்டு வரவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவது அறவே ஆகாது.

விரதத் தொடக்கத்திலே குருக்கள் சங்கற்பம் செய்து வைப்பதை அடியார்கள் அறிவர். அந்த வாசகத்திலே என்னென்ன வருகின்றன என்று செவிகொடுத்துக் கேட்டவர் சிலரே. வருடம், அயனம், மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம், இருக்கின்ற இடம், செய்பவரின் பெயரும் நட்சத்திரமும், கடைசியாகச் செய்யப்போகும் காரியம். இன்னார், இன்ன இடத்திலே, இன்ன நாளிலே, இதைச் செய்கின்றார் என்று தெய்வ சந்நிதியிலே, நாலுபேர் கேட்கச் சொல்லப்படுகின்றது. “இனிமேல் கொஞ்சம் உடம்பைக் கவனிக்கவேணும்” என்று வாங்கிலே இருந்து சொல்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. நடக்கப்போகின்றேன் என்பது ஆசை. கொடியேறிய நாள் தொடக்கம் காலைப் பூசை மணி கேட்டதும் கோயிலின் வெளிவீதியை ஐந்து முறை சுற்றுவேன் என்பது சங்கற்பம். திருவிழா முடிந்து கொடியிறங்கிய பின்னரும் அந்த மணி நாள்தோறும் அடிக்கத்தான் போகின்றது. வாரத்துக்கு 150 நிமிடம் விரைந்து நடக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கின்றது. வாரத்திலே ஐந்து நாள் அரை மணி நேரம் கோயிலைச் சுற்றினால் அது நிறைந்துவிடும்.

இவ்விடயத்திலே வீட்டுக்காரர் ஒருவர் மாத்திரம் சங்கற்பம் எடுத்துப் பயனில்லை. ஒருவருக்குச் சீனி குறைத்தும் மற்றவர்களுக்கு நிறையப் போட்டும் தேத்தண்ணி ஊற்றுகின்ற வீட்டிலே, குறைத்தவர் மூன்றாம் நாள் மற்றவரின் கோப்பையை எட்டிப் பார்ப்பார். அம்மாவின் வேலையும் இரட்டிப்பாகும். ஆகவே சூரன்போர் பார்த்துவிட்டு இரவிலே வீடு திரும்பியதும், பாறணைச் சமையலுக்கு யார் தேங்காய் துருவுவது, யார் மரக்கறி நறுக்குவது என்று பங்கு போடும்போது, அடுத்த நாள் தொடக்கம் தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி என்பதையும் வீட்டார் எல்லோரும் கூடியிருந்து பேசிக்கொள்ளலாம். அன்றிரவு ஐயாவும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனால் அம்மாவுக்கு இன்னும் நல்லது.