குற்றம் உடலுக்கா, உள்ளத்துக்கா?

அறியாமல் செய்த பிழை குற்றமாகுமா? உள்ளத்தில் கள்ளமிருந்தால்தான் குற்றம் என்பர் ஒரு சாரார். உள்ளத்தை யார் கண்டார், விளைந்த கேடே சான்று என்பர் மறுசாரார். ஏட்டிலே நெடுங்காலம் நடந்த இவ்வழக்கு, இன்று ஓட்டப்பந்தயத் திடலிலே நடக்கிறது.

திருச்சியை அடுத்த முடிகண்டத்துப் பெண் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரல் 22இல் தோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டரை 2 நிமிடம் 2.70 நொடியில் கடந்து தங்கம் வென்றார். தமிழகம் துள்ளிற்று. தலைவர்கள் வாழ்த்தினர். மாலைகள் வாடுமுன் வந்தது சேதி: அவர் உடலில் நாண்ட்ரோலோன் என்னும் தசை வளர்க்கும் மருந்தின் தடயம்! அத்தகைய மருந்தைத் தொட்டதே இல்லை என்றார் கோமதி. ஆயினும் 2020இல் தீர்ப்பாயிற்று: நான்காண்டுத் தடை, பதக்கம் பறிமுதல்.

எந்த நெறிப்படி? 1999இல் பிறந்த உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஒரு விதித்தொகுப்பை வகுத்தது. 2004இல் அது நடைமுறைக்கு வந்தது. 2005இல் யுனெஸ்கோ உடன்படிக்கை எழுந்தது. 2007இல் இந்தியா அதனை ஏற்றது. விதியின் உயிர்நாடி இதுதான்: உன் உடலில் இருப்பதற்கு நீயே பொறுப்பு. நெஞ்சறிந்து உண்ணவில்லையென்றால், அதை மெய்ப்பிக்கும் சுமையும் உன்னுடையதே.

கே.ஜி.கண்டிகையில் நான் பாடம் சொல்லும் மாணவியருள் ஒருத்தி இதைக் கேட்டுச் சீறினாள். "கொடுத்தவரை விட்டுவிட்டு உண்டவரைப் பிடிப்பது என்ன நீதி?" நல்ல கேள்வி. எனினும், அன்று தோகாவில் இரண்டாவதாக வந்தவரை அவள் மறந்துவிட்டாள். நாமுந்தான் மறந்தோம்!

சீனத்து வாங் சுன்யூ ஓடிய நேரம் 2 நிமிடம் 2.96 நொடி. இடைவெளி ஒரு நொடியில் ஏறத்தாழக் கால் பங்கு. மேடையின் இரண்டாம் படியிலே நின்று, பிறிதொரு நாட்டின் பண்ணைக் கேட்டார் அவர். கோமதி அறிந்து உண்டாரெனினும், அறியாமல் உண்டாரெனினும் அவருக்கு நேர்ந்த இழப்பு ஒன்றே. பதக்கம் பின்னர் அவரைச் சேர்ந்தது. அந்தப் பொழுது சேரவில்லை. 'அறியேன்' என்ற ஒரு சொல் விடுதலை தருமானால், அகப்படுவார் எவருமிரார். ஆகவே பதக்கத்தைப் பறித்தது நீதியே. நம் வீட்டுப் பெண் என்பதற்காக நாம் வேறு தராசு தேடலாகாது.

ஆனால், பறித்ததோடு நீதியின் பணி தீர்ந்ததா? 2019 மார்ச்சிலேயே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அம்மருந்து தென்பட்டது. சேதி காலத்தே வந்திருந்தால் அவர் தோகாவுக்குச் சென்றிருக்கவே மாட்டார்! அதே ஆண்டு ஆகஸ்டில் தில்லி ஆய்வுக்கூடத்தின் ஏற்பையே உலக முகமை நிறுத்தி வைத்தது. 2021 டிசம்பரில்தான் அது மீண்டது. உடலில் உள்ள அணுவுக்கெல்லாம் ஓடுபவர் பொறுப்பு. தாமதித்தவருக்கு எத்தனை ஆண்டுத் தடை?

2023இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட மாதிரிகள் 5,606. அவற்றுள் 213இல் தடைசெய்த மருந்து இருந்தது. மாவட்டப் பந்தயம் முதல் மாநிலப் பந்தயம் வரை ஓடும் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குப் பதக்கம் என்பது புகழன்று. இரயில்வேயிலோ காவல்துறையிலோ ஒரு வேலை. அந்தப் பசியை அறிந்தவரிடமே மருந்துச் சீசாவும் இருக்கிறது. உண்பவர் பெயர் ஏட்டில் ஏறுகிறது. விற்றவர் பெயர்?

கிழக்கு ஜெர்மனியில் சிறுமியருக்கு வைட்டமின் என்று சொல்லி நீலநிற மாத்திரை தந்தார்கள். நாட்டுப் புகழுக்காக ஓர் அரசே செய்த கொடுமை அது! 2000ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றத்தில் விளையாட்டுத் தலைவர் மன்ஃப்ரெட் எவால்டும், மருத்துவர் மன்ஃப்ரெட் ஹோப்னரும் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டதால் இருவரும் சிறை செல்லவில்லை. இருந்தும், உண்டவரல்லர், ஊட்டியவரே குற்றவாளி என்று ஒரு மன்றம் உலகறியச் சொல்லிற்று.

2022இல் இயற்றப்பட்ட நமது ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் பயிற்சியாளரும் மருத்துவரும் வருகின்றனர். அப்படியானால், ஒவ்வொரு தடை ஆணையோடும் அம்மருந்து எவ்வழி வந்தது, எவரெவரை விசாரித்தார்கள் என்ற அறிக்கையும் வெளிவரட்டும். விசாரிக்கவே இல்லையெனில், அதையும் அதே தாளில் எழுதட்டும்.