அறிந்து கொடுத்தலும் அறியாது கொடுத்தலும்

பஞ்சசீலத்தின் இரண்டாவது சீலத்தைத் "திருடாமை" என்று சுருக்கிச் சொல்லிப் பழகிவிட்டோம். பாலி மொழியில் அது "அதின்னாதானம்" விலக்கல். அதாவது, கொடுக்கப்படாததை எடுத்துக்கொள்ளாதிருத்தல். இரண்டும் ஒன்றே என்றுதான் நானும் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். பழைய பத்திரிகைகள் விற்கும் தெருவோரத்தில் அவ்வெண்ணம் கலைந்தது.

பெங்களூரில் நகரச் சந்தைக்கருகே ஞாயிறுதோறும் தெருக்களில் பழம்பொருள் கடைகள் கூடும். ஓடாத கடிகாரம், துருப்பிடித்த சுத்தியல், உடைந்த வானொலி ஆகியவற்றுக்கிடையே, சாக்கு விரித்துப் பழைய பத்திரிகைகளையும் குவித்திருப்பார்கள். ஆலையில் தறி ஓட்டிய நாட்களில் அக்குவியலே எனக்குப் பள்ளிக்கூடம்.

சில மாதங்களுக்குமுன் அத்தகைய குவியலொன்றில், வினாத்தாள்களுக்கும் செய்தித்தாள்களுக்கும் நடுவே, பழுப்பேறிய "தமிழன்" இதழொன்று கண்ணில் பட்டது. பண்டித அயோத்திதாசர் 1907-ல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற பெயரில் தொடங்கி, மறுவருடமே "தமிழன்" எனப் பெயர் மாறிய வார இதழ் அது. 1914-ல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1926 முதல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் ஆசிரியராயிருக்க மீண்டும் வெளிவந்தது. தங்கவயல் சுரங்கங்கள் 2001-ல் மூடப்பட்டபின் எத்தனையோ குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பெயர்ந்தன. பாட்டனார் பெட்டியில் காத்த தாள்கள் எடைக்குப் போவதில் வியப்பென்ன?

என் கை நடுங்கிற்று. ஆயினும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், அதன்மேல் மூன்று சினிமா இதழ்களை அடுக்கி, எல்லாம் சேர்த்து என்ன விலை என்றேன். தமிழ் படிக்கத் தெரியாத அந்தக் கடைக்காரர் 40 ரூபாய் என்றார். பேரம் பேசி 30 ரூபாய்க்கு வாங்கினேன்.

வீடு சேர்ந்து இதழை விரித்தபோது, எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. அவர் இசைந்த பணத்தைக் கொடுத்தேன். ஆனால், நான் சொல்லாத பொய்யை அந்த மூன்று சினிமா இதழ்கள் சொல்லிவிட்டன அன்றோ?

ஜாதகக் கதைகளில் இரு வணிகர் கதை உண்டு. நொடித்துப்போன குடும்பத்துக் கிழவியொருத்தி, அழுக்கேறிய பழைய கிண்ணமொன்றைப் பேராசைக்கார வணிகனிடம் காட்டினாள். அவன் ஊசியால் கீறிப் பார்த்துப் பொன்னென்று அறிந்தும், காலணாவும் பெறாது என்று வீசிவிட்டுப் போனான். பின்வந்த போதிசத்துவராகிய வணிகரோ, "அம்மா, இது இலட்சம் பொன் பெறும்; அவ்வளவு என்னிடமில்லை" என்று உண்மையைச் சொன்னார். கிழவி மகிழ்ந்து, இருப்பதைக் கொடு என்றாள். அவர் தம்மிடமிருந்த 500 காசுகளையும், 500 காசு பெறுமான சரக்கையும் கொடுத்து, வழிச்செலவுக்கு 8 காசு மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு சென்றார்.

அன்பர்களே, இங்கே ஒன்று கவனியுங்கள். நல்ல வணிகரும் முழு விலை கொடுக்கவில்லை. நூற்றில் ஒரு பங்கே கொடுத்தார். ஆயினும் அவர்மேல் குற்றமில்லை. ஏன்? கிழவி அறிந்து கொடுத்தாள். அறியாதவன் கை நீட்டலாம். ஆனால் அது முழுமையான கொடையாகாது. ஆகவே சீலத்தின் எல்லை தொகையில் இல்லை, கொடுப்பவனுடைய அறிவில் இருக்கிறது.

"தேடித் திரிந்தது என் உழைப்பு, நான் எடுத்திராவிடில் அத்தாள் கடலை மடிக்கப் போயிருக்கும்" என்று என் மனம் வாதாடிற்று. இரண்டும் மெய்யே. உழைப்பு எனக்கு அவ்விதழைக் கண்டறியும் உரிமையைத் தந்தது. மறைக்கும் உரிமையைத் தரவில்லை. அழிவிலிருந்து காப்பதற்குச் சினிமா இதழ்களின் மறைப்பு தேவையில்லை.

இதனினும் கூர்மையாக என்னைக் குத்தியது வேறொன்று. நம் முன்னோர் படிக்கத் தெரியாமல் எத்தனை பத்திரங்களில் கைந்நாட்டு வைத்தனர்! அதில் எழுதியிருப்பது இன்னதென்று எழுத்தறிந்தவன் சொல்லவில்லை. அவன் மௌனத்தால் நிலம் போயிற்று. அந்த மௌனத்தை மேடைதோறும் கண்டித்த நான், படிக்கத் தெரியாத ஒருவர் முன்னே எழுத்தறிந்தவனாய் நின்றபோது, அதே மௌனத்தைத்தான் கைக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அவரிடம் சென்று, அவ்விதழ் இன்னதென்று சொல்லி, மேலும் 200 ரூபாய் நீட்டினேன். அது சரியான விலை என்று நான் சொல்ல மாட்டேன். என்னால் இயன்றது அது. அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். பின் சிரித்தபடி வாங்கிக்கொண்டார். இம்மாதிரி எழுத்துள்ள தாள்கள் இனி வந்தால் தனியே எடுத்துவைப்பதாகச் சொன்னார். அறிந்து கொடுத்தவரின் சொல் அது.

அவ்விதழ் இப்போது சங்கத்தின் வாசிப்பறையில் இருக்கிறது. ஒரு பைசாவுக்கு ஏழையும் படிக்கட்டும் என்று தொடங்கிய ஏட்டை என் பெட்டிக்குள் பூட்டுவது முறையன்று. வருவோர் கை கழுவி எடுத்துப் படிக்கலாம்.

தெருவில் பொருள் வாங்கும்போது ஒவ்வொரு உபாசகரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுவே: எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருந்தால், இதை இவ்விலைக்குக் கொடுப்பாரா? "ஆம்" என்று நெஞ்சு சொன்னால் எடுங்கள். தயங்கினால் முதலில் வாயைத் திறவுங்கள். பணப்பையைப் பிறகு திறக்கலாம்.

நமோ புத்தாய.