வினையும் விலையும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரம் அறத்துப்பாலில் அமையாமல் பொருட்பாலில் அமைந்தது ஏன் என்று நான் பல நாள் யோசித்ததுண்டு. அவ்வதிகாரம் வலியுறுத்தும் மிகையாக உண்ணாமை புலனடக்கம் பற்றிய விஷயமாதலின் அறத்தின்பாற்பட்டதென்றே தோன்றும். வள்ளுவரோ அதனைக் கள்ளுக்கும் சூதுக்கும் அடுத்தபடியாக, ஒரு குடும்பத்தின் செல்வத்தைக் கரைப்பனவற்றின் அருகிலே நிறுத்தியிருக்கிறார்.

அதன் காரணம் வினைப்பயனை எண்ணும்போது விளங்குகிறது. கர்மத்தைச் செய்தவனே அதன் பலனை அனுபவிக்கிறான் என்பது நம் சமயங்கள் பலவற்றுக்கும் பொதுவான சித்தாந்தம். உடற்பருமனும் அதன் வழிவரும் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இந்தச் சித்தாந்தத்தின் முன் கடினமானதொரு கேள்வியை வைக்கின்றன. சர்க்கரை நோயால் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு 2, 3 முறை டயாலிஸிஸுக்குப் போகும் ஒரு தறிக்காரரை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கலாம்; ஆனால், துணைக்குப் போகும் மனைவி இழக்கும் கூலியையும், அடகுக்குப் போன தோட்டையும், கல்லூரியை விட்டுவிட்டுத் தறிக்குழியில் இறங்கிய மகனின் படிப்பையும் யார் கணக்கில் எழுதுவது? உண்டவர் ஒருவர்; பலனை அனுபவிப்பதோ குடும்பம் முழுவதும்.

அதனால் உண்டவரைப் பாவி என்று சொல்லிவிடலாமா? எனக்கு மனம் துணியவில்லை. ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை அதிஸ்தூலத்தை, அதாவது மிகு பருமனை, நிந்திக்கத்தக்க எட்டு உடலமைப்புகளுள் ஒன்றாக வைத்தபோதிலும், அதற்குக் காரணம் கூறுமிடத்து, மிகை உணவோடும் உழைப்பின்மையோடும் பீஜத்தின், அதாவது பிறப்பு வித்தின், இயல்பையும் சேர்த்தே கூறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நம் தேசத்தில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றும், வயது வந்தோருள் நூற்றுக்கு 39 பேருக்கு மேல் வயிற்றுப் பருமன் என்றும் மதிப்பிட்டது. இத்தனை கோடி ஜனங்கள் ஒருசேரப் புலனடக்கத்தை இழந்தார்கள் என்று எந்தத் தத்துவம் ஒப்பும்? கேழ்வரகும் சாமையும் விலகித் தீட்டிய அரிசி மூன்று வேளையும் வந்ததும், சர்க்கரைத் தண்ணீரும் பொரித்த பண்டமும் பள்ளிக்கூட வாசலிலேயே மலிவாகக் கிடைப்பதும் தனியொருவன் செய்த வினைகள் அல்லவே!

உடம்பை இறைவன் உறையும் இடமாகக் கண்டார் திருமூலர். கோயில் விமானத்தில் விரிசல் கண்டால் ஊர் கூடித் திருப்பணி செய்கிறதேயன்றி, அர்ச்சகர் தலையில் அச்செலவைச் சுமத்துவதில்லை. 2021-இல் தமிழகத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் பெண்ணின் நடையை நான் அத்தகைய திருப்பணியாகவே கருதுகிறேன். அவளிடம் ஒன்று மட்டும் கேட்பேன்: தறிக்குழியில் இருக்கும் அந்த மகனுக்கும் இன்றே சர்க்கரை பார்த்துவிடு, அம்மா, அவனுக்கும் அதே பீஜம், அதே சோறு.