கைவண்டியும் சமதர்மமும்

சமதர்மம் என்னும் கருத்து நம் நாட்டு அரசமைப்பின் முகவுரையில் இடம்பெற்றது 1976ஆம் ஆண்டில், 42ஆவது திருத்தத்தின் வாயிலாக. மறு ஆண்டே அக்கொள்கையைத் தாங்கிய இடதுசாரிக் கூட்டணி மேற்கு வங்கத்தில் வாக்குச் சீட்டால் ஆட்சிக்கு வந்து, 2011 வரை 34 ஆண்டுகள் நிலைத்தது. பிழைப்பு நாடி இந்நகருக்கு வந்த நம்மவர் குடும்பங்கள் பல, அந்த ஆட்சியின் கீழ்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கின. இன்று அதைப் பற்றிப் பேச்செழுந்தால், மின்வெட்டையும் ‘சோல்பே நா’ முழக்கத்தையும் சொல்லிச் சிரிப்பார் ஒரு சாரார். ஏழைக்கு முதுகெலும்பு கொடுத்த காலம் என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் கேளாத வினா ஒன்றுண்டு. உழைப்பவனுக்கு அவன் உழைப்பு அந்த ஆட்சியில் என்னவாயிற்று?

உழைப்பைப் பற்றிச் சமதர்மம் இரண்டு வாக்குறுதிகளை அளிக்கிறது. வேலையின்றி எவனும் பசித்திருக்க மாட்டான் என்பது ஒன்று. செய்யும் வேலை எவனையும் இழிவுபடுத்தாது என்பது மற்றொன்று. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நடைமுறையில் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு.

முதலில் சிற்றூரைப் பார்ப்போம். 1978இல் ‘ஆபரேஷன் பர்கா’ தொடங்கிற்று. பர்காதார் என்போர் நம் தஞ்சைப் பகுதியில் வாரத்துக்குப் பயிரிடுவோரைப் போன்றவர்கள். விதையும் உரமும் தாமே இட்டுப் பயிர் செய்தால் விளைச்சலில் நான்கில் மூன்று பங்கு அவர்களுக்குரியது என்று சட்டம் முன்பே சொல்லியிருந்தது. ஆனால் இன்னார் பயிரிடுகிறார் என்ற பதிவே இல்லாதபோது, எந்த நேரமும் நிலத்தைவிட்டு இறக்கப்படலாம் என்ற அச்சத்தில் சட்டம் செத்த எழுத்தாய்க் கிடந்தது. முன்னெல்லாம் நில அளவை அலுவலர்கள் ஊருக்கு வந்தால் நிலவுடைமையாளர் வீட்டுத் திண்ணையில்தான் அமர்வார்கள். இம்முறை குடியானவர்களின் குடியிருப்புக்கே சென்று, அவர்கள் வயலிலிருந்து திரும்பும் மாலைப் பொழுதில் அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டார்கள். பதினான்கு இலட்சம் பேருக்கு மேல் பதிவு பெற்றனர். ஏர் அதுவே, சேறும் அதுவே. நாளை இந்நிலம் இருக்குமா என்ற அச்சம் மட்டும் அகன்றது. வாழ்க்கைத்தரம் என்பதைக் கூலிக் கணக்கால் மட்டும் அளப்போர், ஒருவன் இரவில் அமைதியாக உறங்குவதை எந்தப் பத்தியில் எழுதுவார்களோ அறியேன்.

அச்சம் அகன்றால் உழைப்பு தானே மலரும் என்று முடித்துவிடலாமா? எழுத்தர் பணியிலிருக்கும் என்னால் அவ்வாறு முடிக்க இயலவில்லை. எங்களுக்கு வேலை பறிபோகும் அச்சம் என்றுமே இருந்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன், காலமான கடைநிலை ஊழியர் ஒருவருடைய மனைவியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேசையில், பூஜை விடுமுறைக்கு முன்னும் பின்னுமாக, இருபது நாள் கிடந்தது. குறை ஏதுமில்லை, அரைப் பக்கக் குறிப்பு எழுதவேண்டியதுதான் மிச்சம். அந்த அம்மையார் மூன்று முறை வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டுப் போனார். நான்காம் முறை எழுதினேன். இடையில் என்னை எவரும் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்பதை நான் அறிந்திருந்தேன். அதுவே என் சோம்பலுக்கு மெத்தையாயிற்று. குடியானவனுக்குத் தன் உழைப்பின் பயன் தன் களத்தில் நெல்லாகக் குவிகிறது. என் உழைப்பின் பயனோ, பெயர்கூடச் சரியாக அறியாத ஒருவர் வீட்டு அடுப்பில் எரிகிறது. நடுவில் உள்ள தொலைவைக் கடக்க எந்தச் சட்டமும் எனக்குக் கற்றுத்தரவில்லை. முதலமைச்சராய் இருந்த புத்ததேவ் பட்டாச்சார்யா ‘இப்போதே செய்’ என்று அலுவலர்களை நோக்கி முழங்கியது நினைவிருக்கும். முழக்கம் நல்லதே. ஆனால் யாருக்காகச் செய்வது என்பதன்றோ முதலில் உள்ளத்தில் உறைக்கவேண்டும்!

இரண்டாம் வாக்குறுதி இதனினும் கடினமானது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை ஒழிப்பதாக அதே புத்ததேவ் அரசு 2005இல் அறிவித்தது. 2006இல் சட்டமன்றத்தில் மசோதாவும் நிறைவேறிற்று. எதிர்த்தவர்கள் யார்? இழுப்பவர்களே! பெரும்பாலோர் பீகாரிலிருந்து வந்தவர்கள். வண்டியைத் தினவாடகைக்கு எடுத்து, மிஞ்சுவதை ஊருக்கு அனுப்புபவர்கள். “இது இழிவு” என்றது அரசு. “இழிவுதான், ஆனால் இதற்குப் பதில் என்ன?” என்று கேட்டார்கள் அவர்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. சட்டம் நடைமுறைக்கு வராமல் நின்றது. எண்ணிக்கை குறைந்துவிட்டபோதிலும் அந்த வண்டிகள் இன்றும் வடகல்கத்தாவில் ஓடுகின்றன. தமிழ்நாட்டில் 1973இல் மு. கருணாநிதியின் அரசு கைரிக்‌ஷாவை ஒழித்தபோது, இழுத்தவர்கள் கையில் மிதிரிக்‌ஷாவைக் கொடுத்தது. மிதிப்பதும் கடும் உழைப்புத்தான். எனினும் பழைய வேலையைப் பறித்த அதே கை புதிய வேலையையும் நீட்டியது. வங்கத்துச் சமதர்மம் குடியானவனிடம் சென்று, “உனக்கு எதனால் அச்சம்?” என்று கேட்டது. ரிக்‌ஷா இழுப்பவனிடம் சென்றபோது, “நீ செய்வது எனக்கு வெட்கமாயிருக்கிறது” என்று மட்டும் சொல்லிற்று. பார்வைக்கு உறுத்துவதை அகற்றுவதும் துன்பப்படுபவனைத் தூக்கிவிடுவதும் ஒன்றென மயங்கியதே அங்கு நேர்ந்த பிழை எனக் கருதுகிறேன்.

இவ்வளவு எழுதும் எனக்கும் தெளிவு வந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் கல்லூரித் தெருவில் முழங்காலளவு வெள்ளம். டாக்ஸி இல்லை, பஸ் இல்லை. மூட்டுவலியால் தளர்ந்த என் தாயாருடன் நின்றிருந்தேன். கைமணியைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார், என்னைவிட மூத்தவர் ஒருவர். கூலியைப் பேசாமல் அம்மாவை ஏற்றிவிட்டு, நான் பின்னால் தண்ணீரில் நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, “பாபு, ஏறிக்கொள்ளுங்கள், இருவருக்கும் இடமிருக்கிறது” என்றார். வேண்டாம் என்றேன். என் மறுப்பு அவருக்கு விளங்கவில்லை. இருவருக்கான கூலி போயிற்றே என்ற ஏமாற்றம் மட்டும் முகத்தில் தெரிந்தது. இறங்கியதும் இருவருக்கான கூலியையே நீட்டினேன். ஒருவருக்குரியதை எடுத்துக்கொண்டு, மீதியை என் கையில் திருப்பி வைத்துவிட்டு, மணியைத் தட்டியபடி அடுத்த சவாரியைத் தேடிப் போனார்.