இடைகழியும் தண்டவாளமும்

திருக்கோவலூர் இடைகழிக் கதையில் பக்தியைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இடத்தைப் பற்றிப் பேசியது குறைவு. மழை இரவு, ஒரு வீட்டின் குறுகிய நடைவழி. ஒருவர் படுக்கலாம், இன்னொருவர் வந்தால் இருவரும் உட்காரலாம், மூன்றாமவரும் வந்துவிட்டால் மூவரும் நிற்க வேண்டியதுதான். காஞ்சிப் பொய்கையாரும் கடல்மல்லைப் பூதத்தாரும் மயிலைப் பேயாரும் ஆகிய ஆழ்வார்கள் மூவரும் அப்படி நின்றபோதுதான், நான்காவதாக ஒருவர், இறைவனே, நெருக்குவதை உணர்ந்தார்கள் என்கிறது வைணவ மரபு. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊரின் கதை ஒரு பழைய கேள்வியைக் கிளப்புகிறது. பலர் சேர்ந்திருக்கும்போது அவர்களுக்குப் பொதுவானது எங்கே இருக்கிறது? எல்லார் உள்ளத்திலும் ஒன்றுபோல இருக்கும் நம்பிக்கையிலா, ஒருவருக்கொருவர் ஒதுங்கிக் கொடுத்த இடத்திலா? இரண்டாவதில்தான் என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாகக் கோயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு விளையாட்டை அழைக்கிறேன்.

பொம்மை ரயில் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மாதிரி ரயிலை, கண்காட்சிகளில் பலர் சேர்ந்து ஓட்டும் வழக்கம் மேல்நாடுகளில் உண்டு. ஆளுக்கொரு பலகை கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் மண்டபத்தில் வரிசையாகப் பூட்டினால், அவற்றின்மேல் எல்லார் ரயிலும் ஓடும். 1970-களில் கலிபோர்னியாவில் தோன்றிய 'என்-டிராக்' முறையில் வண்டிகள் அசலில் 160-இல் ஒரு பங்கு. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். பெரும்பாலும் 4 அடி நீளமுள்ள அந்தப் பலகையின் நடுவில் உங்கள் விருப்பம்தான் சட்டம். கல்வராயன் மலையை வைத்து வெள்ளிமலைக்கு ரயில் விட்டாலும் கேட்பாரில்லை. (நிஜத்தில் அந்த மலைக்கு ரயில் ஏறியதில்லை என்பது வேறு விஷயம்.) முனைக்கு வந்தால்தான் கறார்: பலகைதோறும் ஓடும் மூன்று பாதைகளும் முன்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமானவை. பாதையும் பலகையின் முனைவரை போகாது. கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். இரண்டு பலகைகளைச் சேர்த்ததும் நடுவில் விழும் இடைவெளியில் சுமார் 5 அங்குலத் துண்டுத் தண்டவாளம் ஒன்றைச் செருகுவார்கள். அது இந்தப் பலகையோடும் சேராது, அந்தப் பலகையோடும் சேராது. கண்காட்சி முடிந்தால் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஆனால் ஒருவர் ஊரிலிருந்து இன்னொருவர் ஊருக்கு எந்த வண்டி போனாலும் அதன்மேல்தான் போயாக வேண்டும். இருவரும் தத்தம் பாதையைச் சற்றே குறைத்துக்கொண்டதால் கிடைத்த இடம் அது.

எல்லா முறையிலும் இப்படி இடைவெளி விடுவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். 1981-இல் ஐரோப்பாவில் தொடங்கிய 'ஃப்ரெமோ' அமைப்பின் பலகைகளில் தண்டவாளம் முனைவரை வரும்; முனைப்பலகைகளை ஒன்றோடொன்று முட்டவைத்துத் திருகாணி போட்டு முடுக்குவார்கள். ஆனால் அங்கேயும் முனையின் வடிவம் செய்தவரின் இஷ்டத்தில் இல்லை. இடைவெளி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விட்டுக்கொடுத்தது அங்கும் உண்டு. ஆழ்வார்களிடமும் இதைப் பார்க்கலாம். இடைகழியில் அவ்வளவு நெருங்கி நின்றவர்கள் சேர்ந்து ஒரே நூல் செய்யவில்லை. முதல், இரண்டாம், மூன்றாம் திருவந்தாதி என்று ஆளுக்கு நூறு பாட்டாக, மூன்றாகவே நிற்கின்றன. பேதமெல்லாம் வெறும் தோற்றம், உள்ளே ஒன்றே உண்டு என்று வாதிடும் அத்வைதிக்கு இந்த மூன்று என்ற கணக்கு கொஞ்சம் சங்கடமானது. சேர்க்கை நடந்த பிறகும் வேற்றுமை கரையவில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பொது அளவை வகுப்பவர் யார்? விழுப்புரம்–காட்பாடிப் பாதையில் இருக்கும் திருக்கோவலூரும், சேலம்–விருத்தாசலம் பாதையில் இருக்கும் சின்னசேலமும் நெடுங்காலம் மீட்டர் பாதை ஊர்கள். தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டர். நாடு முழுக்க 1,676 மில்லிமீட்டர் என்று 1990-களில் முடிவானபோது, அந்த ஊர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கல்வராயனில் இது இன்னும் கசப்பானது. நாடு விடுதலை பெற்று ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, 1976-இல்தான் அங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது. அதுவரை மலையாளிப் பழங்குடியினர் அவர்களுக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். அந்த மக்களிடம் போய் 'ஒதுங்கிக் கொடுப்பதில்தான் பொதுமை' என்று உபதேசித்தால் அது கேலிக்கூத்து. இந்த ஆட்சேபத்தை நான் தள்ளவில்லை. அது என் வாதத்துக்கு ஓர் எல்லை கட்டுகிறது. கண்காட்சி விதி முனையை மட்டும் கேட்கிறது, எல்லாரிடமும் ஒரே அளவு கேட்கிறது. ஜாகீர் கேட்டதோ பலகை முழுவதையும். அதுவும் ஒரு தரப்பிடம் மட்டும். ஒதுங்கல் ஒருதலையாகிவிட்டால் அங்கே இடைகழி இல்லை. ஒருவர் காலை நீட்டிப் படுத்திருக்க மற்றவர்கள் மழையில் நிற்கும் திண்ணைதான் மிஞ்சும்.

எல்லாம் ஒரு விளையாட்டுதானே, இதில் என்ன தத்துவம் என்பவருக்கு ஒரு வார்த்தை. உயிரும் உடைமையும் பணயமாகாத இடத்தில் மனிதர் தாமாக எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். அதனாலேயே இந்தச் சாட்சி நல்ல சாட்சி. ஆனால் ஓரிடத்தில் இது கதைக்கு எட்டுவதில்லை. நான்காமவர் அளவு பார்த்து வரவில்லை. மூவர் நிற்கும் இடத்தில் இடமே இல்லாதபோது நுழைந்தார். கண்காட்சியிலோ அளவு பொருந்தாத பலகையோடு வந்தவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். விதியைத் தளர்த்தினால் முதல் இணைப்பிலேயே வண்டி தடம்புரளும். அதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி, ஒரு முனை நம் அளவிலும் மறுமுனை வந்தவர் அளவிலும் இருக்கும் இணைப்புப் பலகை. அதில் ஊரோ மலையோ வைக்க அதிகம் இடமிருக்காது. பார்க்க வருபவர்களும் அதன் முன்னால் நிற்பதில்லை. ஆனாலும் அதை யாராவது வீட்டில் உட்கார்ந்து செய்து எடுத்துவர வேண்டும்.