புதிதாக வருபவர் கையில் என்ன கொடுக்கிறோம்?

மலேசியாவில் பாரிட் புந்தார் பக்கத்தில் எங்கள் வயதுக்காரர்கள் இரண்டு பேர் முதன்முதலாகச் சந்தித்தால் பேச்சு ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "எந்தத் தோட்டம்?" தோட்டத்தின் பெயர் வந்துவிட்டால் போதும். கங்காணி யார், எந்த லயம், திருவிழா நாடகத்தில் அப்பா என்ன வேஷம் கட்டினார் என்று பேச்சு தானாக ஓடும். அன்பில்தான் கேட்கிறோம். ஆனால் தாமான் குடியிருப்பு வீட்டில் பிறந்து வளர்ந்த இருபது வயதுப் பிள்ளையிடம் அதே கேள்வியைக் கேட்டால் அது என்ன செய்யும்? தாத்தாவின் தோட்டத்துப் பெயர் தெரியாது. தெரிந்தாலும் அங்கே இப்போது செம்பனைதான் நிற்கும். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும், பிறகு வராது.

தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் ஒன்றுகூடும் நாளில் பழைய வாழ்க்கையை நடித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். விடியுமுன் வேலையாட்கள் வரிசையில் நிற்கும் பிரட்டு, கங்காணி பேர் கூப்பிடுவது, ரப்பர் பால்வெட்டு, ஸ்டோரில் பால் நிறுப்பது, கடைசியில் கோயில் நாடகத்திலிருந்து ஒரு காட்சி. பால் பிடிக்கும் மங்கு, வாளி, அதைத் தோளில் தூக்கும் காண்டாக்கம்பு எல்லாம் அந்தக் காலத்தில் புழங்கியவை. இந்த வட்டாரத்தில் கிரியான் ஆற்றின் இரு பக்கமும் நம்மவர்கள் முதலில் வந்தது கரும்புத் தோட்டங்களுக்கு. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கரும்பு இருந்த இடத்தில் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. இத்தனையும் நடந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தோட்டம் என்பது பாட்டி சொன்ன ஊர். அதனால் எங்கள் குழுவுக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் வெளியாள் இல்லை, எங்கள் பேரப்பிள்ளைதான். அவர்களையே வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாகான் செராயிலிருந்து ஒரு கல்லூரி மாணவி ஒத்திகை பார்க்க வந்தாள். ஒரு மூலையில் நின்று கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். பால்வெட்டிக் காட்டிக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, "ஏம்மா, சும்மாதானே நிக்கிற? இந்த மங்கைத் துடை" என்று கையில் கொடுத்துவிட்டார். துடைத்துக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: "பாட்டி, ஏன் இருட்டுலேயே போவீங்க?"

எங்களில் யாரும் அதைக் கேட்டதில்லை, எல்லாருக்கும் தெரியும் என்பதால். பாட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து மரத்தருகே கூட்டிப்போனார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்றார். கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். பட்டையை மெலிதாகச் சீவ வேண்டும். கத்தி கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும், பிறகு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. "பிள்ளைங்க அப்ப எங்க இருப்பாங்க?" என்று அடுத்த கேள்வி. தூங்கும் குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடிய கதையைப் பாட்டி அன்றுதான் சொன்னார். ஸ்டோரும் தராசும் இருந்த எங்கள் நாடகத்தில் ஆயாக்கொட்டகை இல்லை. இப்போது இருக்கிறது. தெரியாதவள் கேட்டதால் வந்த காட்சி அது.

தெரிந்தவர்கள் மட்டும் கூடிப் பேசும் இடத்தில் பாதி விஷயம் சொல்லப்படாமலே போய்விடும் என்பதை அன்று கண்டேன். புதியவருக்கு நாம் உதவி செய்கிறோம் என்ற நினைப்பே கொஞ்சம் தவறு. அவர் வந்து கேட்டால்தான் நமக்கே நம் கதை முழுதாகக் கிடைக்கிறது.

பழைய காலத்தை நடித்துக் காட்டுவது நாங்கள் மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 1968இல் தொடங்கிய 'சீல்டு நாட்' என்ற அமைப்பு, பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரை இன்றும் களத்தில் நடித்துக் காட்டுகிறது. இந்த மாதிரிக் குழுக்களில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. புதிதாக வந்தவனின் சட்டைத் தையல் அந்தக் காலத்துத் தையல்தானா என்று குனிந்து பார்த்து அவனை விரட்டுபவர்கள் ஒரு வகை. புதியவருக்கென்றே உடையும் காலணியும் இரவலாக எடுத்து வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. நுணுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கத்தி பிடிக்கும் கை தப்பாக இருந்தால் நானும் சொல்வேன். ஆனால் முதல் நாளே எதற்கு?

இலங்கையின் மட்டக்களப்புக் கூத்தில் புதியவரைச் சேர்த்துக்கொள்ள அழகான முறை இருக்கிறது. ஊர் கூடிக் கூத்துப் பழகத் தீர்மானித்ததும், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆளைப் பார்த்து, குரலைப் பார்த்து, அவரவர் ஆடவேண்டிய பாத்திரத்தின் பாட்டை ஏட்டில் எழுதிக் கையில் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்பார்கள். ஆடத் தெரிந்த பிறகு அல்ல, பழகத் தொடங்கும்போதே சட்டம் கைக்கு வந்துவிடும். சலங்கை அணிவது பிறகு, அரங்கேற்றம் அதற்கும் பிறகு. பொறுப்பு முதலில், தேர்ச்சி பின்னால். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்குப் பழக்கினார். விடிய விடிய ஆடும் கூத்து அரங்குக்காகச் சுருக்கப்பட்டது. அண்ணாவியார் அன்று படித்த பிள்ளைகளுக்கு இது வராது என்று ஒதுங்கியிருந்தால் கூத்து பல்கலைக்கழகப் படியேறியிருக்காது.

மரபு என்று சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பழைய கூத்தில் பெண்கள் ஆடவில்லை, சாதிக்கும் அதில் இடமிருந்தது. சி. ஜெயசங்கரும் அவரோடு சேர்ந்தவர்களும் மட்டக்களப்பு சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் செய்தபோது, ஆடுபவர்களோடு உட்கார்ந்து இவற்றைப் பேசி மாற்றினார்கள். எங்கள் நாடகத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. கங்காணி வேஷம் எப்போதும் குழுவில் மூத்தவருக்கு, வரிசையில் நிற்கும் கூலி வேஷம் எப்போதும் புதிதாக வந்த பிள்ளைக்கு. அப்படியே ஆண்டாண்டாக நடந்தால் அது நடிப்பாக இராது, பழைய பிரட்டுக்களத்தையே மறுபடி கட்டியதாக ஆகிவிடும். தாத்தா நின்ற வரிசையில் பேரனை நிறுத்தி அதட்டுவதற்கா நாம் கூடுகிறோம்? கங்காணித் தொப்பியை ஒருமுறை அந்தப் பிள்ளை தலையில் வைத்துப் பாருங்கள். வரிசையில் நின்று பேர் கூப்பிடப்படுவது எப்படி இருக்கும் என்று மூத்தவருக்கும் நினைவு வரும்.

வாசலைத் திறந்து வைப்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டும் உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை இலங்கையில் ஒரு நடைபயணம் நடந்தது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, முன்னோர் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். மலையகத்துக்காரர்கள் மட்டும் நடக்கவில்லை, மற்றவர்களும் வழியில் சேர்ந்துகொண்டார்கள். நடந்தால் போதும், அதுதான் தகுதி. பாதையின் சூட்டைக் காலால் அறிந்தவரிடம் பூர்வீகம் கேட்க வேண்டியதில்லை.

இங்கேயும் நிபோங் தெபாலிலிருந்து ஒரு சீனப் பையன் நண்பனோடு வந்து தப்பு அடிக்கப் பழகுகிறான். அவனுக்குப் பாட்டின் பொருள் பாதிதான் தெரியும். தாளம் தப்புவதில்லை. அவனை எங்கள் ஆள் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

குழு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக வருபவரை வேடிக்கை பார்க்க விடாதீர்கள், வந்த அன்றே ஒரு வேலை கொடுங்கள். திருத்துவதைத் தனியாகக் கூப்பிட்டுச் செய்யுங்கள், கூட்டத்தில் வேண்டாம். இளையவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பால்வெட்டுக் கத்தியைப் பதமாகத் தீட்டத் தெரிந்தவர்கள் எங்கள் குழுவில் எழுபதைத் தாண்டியவர்கள் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே வாருங்கள். கத்தியும் உடையும் நாங்கள் தருகிறோம்.